எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை: ஸ்கீ படகின் டிரைவ் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்ச்சறுக்குக்கு ஆளை இழுக்கும் படகுகளில் பல இன்போர்டு வகை. எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும். அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து சாய்வாக இறங்கி படகின் அடிவழியே வெளியேறும் ஷாஃப்ட், அதன் நுனியில் புரொப்பெல்லர். கீழே உள்ள பதில்கள் அந்த வகைக்கு மட்டுமே. அவுட்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் படகுகளின் அமைப்பு வேறு.

எஞ்சின் நன்றாக ரேஸ் ஆகிறது, கியர் போட்டாலும் படகு அசையவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். எஞ்சினின் விசை ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்), டேம்பர் பிளேட் (அதிர்வை வாங்கும் தட்டு), கியர்பாக்ஸ், கப்ளிங் (கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் சேர்க்கும் இணைப்பு), ஷாஃப்ட், புரொப்பெல்லர் என்ற வரிசையில் போகிறது. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் ஏறுகிறது, படகு நிற்கிறது. கியர்பாக்ஸ்தான் இந்த வரிசையில் விலை உயர்ந்தது என்பதால் பயம் நேராக அங்கே போய்விடுகிறது. அதைக் கழற்றி இறக்கிய பிறகு, கப்ளிங்கில் ஒரு சின்ன கீ (இரண்டு பாகங்களும் சேர்ந்து சுற்றுவதற்காக நடுவே செருகும் உலோகத் துண்டு) வெட்டுப்பட்டதுதான் காரணம் என்று தெரிந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

எதையும் கழற்றாமல் பாதி விடையைக் கண்டுபிடிக்கலாம். படகைத் தண்ணீரிலேயே முன்னும் பின்னும் கெட்டியான கயிற்றால் கட்டுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸின் பின்பக்க ஃபிளாஞ்ச் (வெளியே தெரியும் சுற்றும் வட்டத் தட்டு), அதோடு போல்ட் போட்ட கப்ளிங், ஷாஃப்ட் ஆகிய மூன்றுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரே நேர்கோடு போடுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், இன்னொருவர் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துத் தள்ளி நின்று பார்க்கட்டும். ஐடிலில் முன் கியர் போட்டு, சில நொடிகளில் நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினை நிறுத்துங்கள்.

ஃபிளாஞ்ச் சுற்றவே இல்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால்: கேபிள், டேம்பர் பிளேட், அல்லது கியர்பாக்ஸ். ஃபிளாஞ்ச் சுற்றியது, ஆனால் சாக்பீஸ் கோடு கப்ளிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உடைந்து விலகிவிட்டது என்றால் கப்ளிங் ஷாஃப்டின் மேல் வழுக்குகிறது. கோடு அப்படியே இருக்கிறது, ஷாஃப்டும் சுற்றியது, படகின் பின்னால் தண்ணீர் மட்டும் தள்ளப்படவில்லை என்றால் புரொப்பெல்லர் பக்கம் பாருங்கள். இந்த ஒரு சோதனையிலேயே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறையும்.

இந்தச் சோதனையில் ஆபத்து என்ன?

சுற்றும் ஷாஃப்ட் துணியையும் முடியையும் பிடித்து இழுக்கும். தளர்ந்த சட்டை, கழுத்துத் துண்டு, லைஃப் ஜாக்கெட்டின் தொங்கும் பட்டை எதுவும் கூடாது. பெட்ரோல் எஞ்சின் என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் அறையில் தேங்கிய ஆவியை வெளியேற்றும் விசிறியான ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது என்பதால் மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டவே கூடாது. சோதனை நடக்கும்போது ஒருவரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. புரொப்பெல்லரைத் தொடப் போகிறீர்கள் என்றால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

டிரெய்லரில் வைத்தே பார்க்கலாமா?

கண்ணால் பார்ப்பதற்கும் கையால் சுற்றுவதற்கும் டிரெய்லர்தான் வசதி. எஞ்சினை ஓட்ட வேண்டும் என்றால் தண்ணீர் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கூலிங் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். தண்ணீர் கொடுத்தாலும் கியர் போட்டு ஷாஃப்டைச் சுற்றவிடாதீர்கள். படகுக்கு அடியில் ஷாஃப்டைத் தாங்கும் உலோகக் கையான ஸ்ட்ரட்டில் இருக்கும் பேரிங் ரப்பர் உறை போட்டது. அதற்கு மசகே ஏரித் தண்ணீர்தான்.

ஃபிளாஞ்ச் சுற்றவில்லை. அடுத்து என்ன?

முதலில் கேபிள். கியர்பாக்ஸ் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, அதன் மேல் உள்ள சிறிய லீவரைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நியூட்ரல், முன், பின் என்ற ஒவ்வொரு நிலையிலும் உள்ளே ஒரு குண்டு குழியில் விழுவதுபோல ‘டக்’ என்று உட்கார வேண்டும். இப்போது கேபிளை மாட்டி ஸ்டியரிங் பக்கத்து லீவரைத் தள்ளுங்கள். கியர்பாக்ஸ் லீவர் அதே இடத்துக்கு முழுதாக வருகிறதா என்று பாருங்கள்.

இதில் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பாதி தூரம் வந்தாலும் படகு நகரத்தான் செய்யும், அதனால் கேபிள் சரி என்று நினைத்துவிடுவோம். ஆனால் அந்த லீவர் திருப்பும் உள் வால்வு பாதி திறந்தால் கிளட்ச் தட்டுகளுக்கு முழு ஆயில் அழுத்தம் கிடைக்காது. தட்டுகள் உரசிக்கொண்டே ஓடி வெந்துபோகும். பழைய ஸ்கீ படகுகளில் அதிகம் காணப்படும் போர்க்வார்னர் வெல்வெட் டிரைவ் கியர்பாக்ஸில் இந்த லீவர் நிலையைத் தயாரிப்பாளரே வலியுறுத்திச் சொல்கிறார். புது கிளட்ச் தட்டுகள் போட்டும் மறுபடி எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கேபிளைப் பற்றித்தான்.

கேபிள் சரி என்றால் ஆயில் அளவு. அதுவும் சரி என்றால் அழுத்தம். கியர்பாக்ஸில் அழுத்தமானி மாட்டுவதற்கென்றே ஒரு பிளக் இருக்கும். எஞ்சின் ஓடும்போது எவ்வளவு காட்ட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கையேட்டில் இருக்கிறது. கையேட்டு அளவு வந்தும் ஃபிளாஞ்ச் சுற்றவில்லை என்றால் கோளாறு உள்ளே கிளட்சில் அல்லது பற்சக்கரத்தில். அளவைவிடக் குறைவாக வந்தால் பம்ப், அழுத்தம் காக்கும் வால்வு, உட்புற சீல்கள் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் டேம்பர் பிளேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஆயில் பம்ப் கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்டால்தான் சுற்றுகிறது. டேம்பர் அறுந்தால் அந்த ஷாஃப்ட் சுற்றாது, பம்பும் சுற்றாது.

எஞ்சினையோ கியர்பாக்ஸையோ சமீபத்தில் மாற்றிய படகு என்றால் இன்னொன்று. வெல்வெட் டிரைவின் பம்பை எஞ்சின் சுற்றும் திசைக்கு ஏற்ற நிலையில் திருப்பி மாட்ட வேண்டும், அதற்கு அதன் மேலேயே அம்புக்குறி உண்டு. திசை தவறினால் எல்லாப் பாகமும் புதிதாக இருந்தும் அழுத்தம் வராது.

டேம்பர் பிளேட் என்றால் என்ன? அது கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஃப்ளைவீலில் போல்ட் போட்டு மாட்டிய வட்டத் தட்டு. சுற்றிலும் ஸ்ப்ரிங்குகள், நடுவில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் பல் வைத்த துளை. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் தரும் அடியை ஸ்ப்ரிங்குகள் வாங்கிக்கொண்டு விசையைச் சீராக அனுப்புகின்றன.

அது தேயும்போது ஐடிலில் கடகடவென்று உலோகச் சத்தம் வரும். திராட்டிலைக் கொஞ்சம் ஏற்றினால் மறைந்துவிடும். சத்தம் வந்த உடனே டேம்பரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஐடில் வேகம் குறைவாக இருந்தாலும், ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் நல்ல டேம்பரே இப்படிச் சத்தம் போடும். அவற்றைச் சரிசெய்த பிறகும் கடகடவென்றால் டேம்பர்தான். அப்படியே ஓட்டினால் ஒருநாள் ஸ்ப்ரிங் உடைந்து அல்லது நடுத்துளைப் பற்கள் வழித்துப்போய், முன் கியர், ரிவர்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஃப்ளைவீலை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கில் பார்வைத் துளை இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த ஸ்ப்ரிங் துண்டு அடியில் கிடக்கும். துளை இல்லையென்றால் கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பல படகுகளில் எஞ்சினின் பின்பாரத்தைத் தாங்குவதே கியர்பாக்ஸில் உள்ள மவுண்ட்டுகள்தான். எஞ்சினுக்கு முட்டுக்கொடுக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தாதீர்கள்.

முன் கியர் வேலை செய்கிறது, ரிவர்ஸ் மட்டும் இல்லை. அல்லது நேர்மாறாக.

ஒரு பக்கமாவது வேலை செய்தால் டேம்பர் பெரும்பாலும் தப்பித்தது. பம்பும் ஓடுகிறது என்று அர்த்தம். கேபிள் ஒரு பக்கம் முழுத் தூரம் போகவில்லையா என்று பாருங்கள். அது சரியென்றால் அந்தப் பக்கத்துக் கிளட்ச். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் கிளட்ச் என்பதால் ஒன்று மட்டும் தேய்வது சாதாரணம்.

ரிவர்ஸ் மட்டும் போனால் கப்ளிங்கையும் பார்க்க மறக்காதீர்கள். முன்னால் போகும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கப்ளிங்குக்குள் தள்ளுகிறது, ரிவர்ஸில் வெளியே இழுக்கிறது. ஷாஃப்டைப் பிடித்திருக்கும் செட் ஸ்க்ரூ தளர்ந்த கப்ளிங்கிலிருந்து ரிவர்ஸ் போட்ட கணத்தில் ஷாஃப்ட் உருவிக்கொண்டு பின்னால் போகும். பல படகுகளில் புரொப்பெல்லர் சுக்கானில் மோதி நின்றுவிடும், முழுதாக வெளியேறாது. ஆனாலும் ஷாஃப்ட் நுழையும் வழியே தண்ணீர் வரலாம். ரிவர்ஸ் போட்டதும் பின்னால் ‘டங்’ என்று மோதும் சத்தம் கேட்டால் எஞ்சினை நிறுத்தி, பில்ஜில் (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம்) தண்ணீர் ஏறுகிறதா என்று உடனே பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் எதைப் பார்க்க வேண்டும்?

அளவு, நிறம், வாசனை. பெரும்பாலான ஸ்கீ படகு கியர்பாக்ஸ்களில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) எனப்படும் சிவப்பு ஆயில் இருக்கும். வெல்வெட் டிரைவில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்திய உடனே அளக்க வேண்டும். தாமதித்தால் ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலரிலும் குழாய்களிலும் உள்ள ஆயில் திரும்பி வடிந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். வேறு மாடல்களில் முறை மாறும். டிப்ஸ்டிக்கைத் திருகி இறக்கி அளப்பதா, திருகாமல் வைத்து அளப்பதா என்பதுகூட மாறும். கையேட்டைப் பாருங்கள்.

தெளிந்த சிவப்பு நல்லது. கருத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் வழுக்கி வெந்திருக்கிறது. விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மையாக ஒட்டும் கருப்பு, தட்டின் தேய்மானம். பளபளக்கும் துகள், உலோகம் உரசுவது.

இளஞ்சிவப்புப் பாலாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கூலரின் உட்குழாய் ஓட்டையாகியிருக்கலாம், குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டு உறைந்து வெடித்திருக்கலாம், அல்லது ஒருமுறை பில்ஜில் தண்ணீர் கியர்பாக்ஸ் மூழ்கும் அளவுக்கு ஏறியிருக்கலாம். எதுவானாலும் அந்த ஆயிலோடு ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் காகித நார் வகை என்றால் தண்ணீர் பட்டுப் பசை இளகும். காரணத்தைச் சரிசெய்து, தெளியும்வரை ஆயிலை மாற்றி மாற்றி ஓடவிட வேண்டும்.

காலையில் நன்றாக இழுக்கிறது, சூடானதும் வழுக்குகிறது. ஏன்?

சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். தேய்ந்த சீல்கள் வழியே அழுத்தம் கசிவது அப்போதுதான் தெரியவரும். ஆனால் அதற்கு முன் கூலரைப் பாருங்கள். பல ஸ்கீ படகுகளில் ஏரித் தண்ணீர் படகுக்குள் நுழைந்ததும் முதலில் போவது கியர்பாக்ஸ் கூலருக்குத்தான், அப்புறம்தான் பம்புக்கு. அதனால் தண்ணீர்ப் பாசியும் இலையும் வந்து சிக்கும் முதல் சல்லடையாக அந்தக் கூலரின் வாய் ஆகிவிடுகிறது. ஹோஸைக் கழற்றி வாய்க்குள் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் சூடும் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும்.

லேசாக வழுக்குகிறதோ என்று சந்தேகம். எப்படி உறுதி செய்வது?

கணக்குப் போடுங்கள். புரொப்பெல்லர் தண்ணீரில் கொஞ்சமும் வழுக்காமல் போனால் வரும் வேகம், மணிக்குக் கிலோமீட்டரில்: எஞ்சின் ஆர்.பி.எம். × பிட்ச் அங்குலம் × 0.001524, அதைக் கியர் விகிதத்தால் வகுக்க வேண்டும். பிட்ச் என்பது புரொப்பெல்லர் வழுக்காமல் ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்.

உதாரணமாக 1:1 கியர், 13 அங்குல பிட்ச், 3,400 ஆர்.பி.எம். கணக்கு வேகம் 67.4 கி.மீ. ஜி.பி.எஸ். காட்டுவது 58 கி.மீ. என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 14 சதவீதம். புரொப்பெல்லர் தண்ணீரில் ஓரளவு வழுக்குவது இயல்பு. அதே 58 கி.மீ.க்கு இப்போது 3,900 ஆர்.பி.எம். தேவைப்பட்டால் வித்தியாசம் 25 சதவீதம். எங்கேயோ விசை நழுவுகிறது.

அது கிளட்ச்சா, புரொப்பெல்லரா? கிளட்ச் வழுக்கினால் ஆயில் சூடாகும், வாடை வரும், ஆளை இழுத்துக் கிளம்பும்போது ஆர்.பி.எம். மட்டும் துள்ளி ஏறும். புரொப்பெல்லர் இதழ் வளைந்திருந்தால் அதிர்வு கூடவே வரும். படகு நன்றாக இருக்கும்போதே வேகத்தையும் ஆர்.பி.எம்.மையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். பாரமும் எரிபொருளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது ஒப்பிட வேண்டும்.

ஷாஃப்ட் சுற்றுகிறது, தண்ணீர் தள்ளவில்லை.

புரொப்பெல்லர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இல்லாமல் நட் தளர்ந்து ஏரிக்குள் விழுந்திருக்கலாம். இருக்கிறது என்றால் ஷாஃப்டை அசையாமல் பிடித்துக்கொண்டு புரொப்பெல்லரை மட்டும் சுற்றிப் பாருங்கள். தனியாகச் சுற்றினால் கீ வெட்டுப்பட்டுவிட்டது. அவுட்போர்டில் இருப்பதுபோல வழுக்கிக் கொடுக்கும் ரப்பர் ஹப் இதில் கிடையாது.

புது கீ போடும்போது ஒரு வேலையைத் தவறாமல் செய்யுங்கள். கீ இல்லாமல் புரொப்பெல்லரைக் கூம்பு முனையில் கையால் ஏற்றி, ஹப் வந்து நிற்கும் இடத்தில் ஷாஃப்டில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கீயோடு ஏற்றுங்கள். ஹப் அதே கோட்டுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் கீ உயரமாக இருக்கிறது. புரொப்பெல்லர் கூம்பில் உட்காராமல் கீயின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது, பாரம் முழுவதும் கீ மேல் விழும். மறுபடி வெட்டும்.

மரக்கட்டையில் அடித்துவிட்டோம், இப்போது அதிர்கிறது.

உடனே திராட்டிலை இறக்கி, பில்ஜைப் பாருங்கள். ஸ்ட்ரட் போல்ட்டுகள், ஷாஃப்ட் நுழையும் இடம், சுக்கான் தண்டு ஆகிய மூன்றும் தண்ணீர் புகும் இடங்கள். வறண்டிருந்தால் ஐடிலில் கரைக்கு வரலாம்.

கரையில், நியூட்ரலில் வைத்து, அசையாத ஒரு குச்சியின் நுனியைப் புரொப்பெல்லர் இதழ் ஓரத்துக்கு நெருக்கமாக வைத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு இதழும் ஒரே இடைவெளியில் கடக்க வேண்டும். அடுத்து குச்சியை ஷாஃப்டுக்கு அருகில் வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி அகன்று குறுகினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. இரண்டும் சரி, ஆனால் ஷாஃப்ட் ஸ்ட்ரட் பேரிங்கின் ஒரே பக்கத்தில் அழுந்திக் கிடக்கிறது என்றால் ஸ்ட்ரட் வளைந்துவிட்டது. புரொப்பெல்லரை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

ஸ்கீ கயிறு ஷாஃப்டில் சுற்றிக்கொண்டது.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிறகுதான் இறங்க வேண்டும். ரிவர்ஸ் போட்டு அவிழ்க்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். கையால் எதிர்த்திசையில் சுற்றி அவிழ்த்துப் பாருங்கள், முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள். உருகிய கயிற்று இழை ஸ்ட்ரட் பேரிங் வாயில் ஒட்டியிருக்கும், அதையும் சுரண்டி எடுங்கள்.

கப்ளிங் நேராக இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் தொடும் அளவுக்கு நெருக்கி, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) விடுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதாவது சுமார் 0.08 மில்லிமீட்டர். ஷாஃப்ட் தன் எடையால் கீழே தொங்கும் என்பதால் அதைத் தாங்கிப் பிடித்து நடுவில் வைத்த பிறகே அளக்க வேண்டும்.

இப்போது கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சை அசைக்காமல் ஷாஃப்ட் பக்கத்தை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்கவும். அகன்ற இடைவெளி அதே இடத்தில், உதாரணமாகக் கீழேயே, நின்றால் எஞ்சின் மவுண்ட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். இடைவெளியும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் கப்ளிங் முகமோ ஷாஃப்டோ கோணல். மவுண்ட்டை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. டிரெய்லரில் சரிசெய்தாலும், படகு தண்ணீரில் மிதக்கும்போது ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஷாஃப்ட் நுழையும் இடத்தில் சொட்டுகிறது. பரவாயில்லையா?

கயிறு போன்ற பேக்கிங் வைத்த பழைய வகை என்றால் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு வேண்டும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. ஓட்டி நிறுத்தியதும் தொட்டுப் பார்த்தால் சுட்டால் நட் அதிகம் இறுகியிருக்கிறது. சொட்டாத சீல் வகையில் சொட்டினால் அது கோளாறு.

வி-டிரைவ் படகில் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஒரு கண்ணி கூடுதல். அதில் எஞ்சின் பின்கோடியில் திரும்பி உட்கார்ந்திருக்கும், விசை முன்னோக்கிப் போய் வி-டிரைவ் பெட்டியில் மடங்கிப் பின்னால் வரும். பெட்டி கியர்பாக்ஸோடு ஒன்றாக இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். தனி என்றால் அதற்கென்று தனி ஆயில், தனி டிப்ஸ்டிக், நடுவே ஒரு சிறு இணைப்பு ஷாஃப்ட். சாக்பீஸ் கோட்டை அந்த இணைப்பிலும் போடுங்கள்.

கியர்பாக்ஸ்தான் என்று உறுதியாகி, பழுதுபார்த்தும் வந்துவிட்டது. மாட்டும் முன் செய்ய வேண்டியது?

கூலரையும் ஆயில் குழாய்களையும் கழுவுங்கள், முடிந்தால் மாற்றிவிடுங்கள். பழைய கிளட்சின் பொடி அங்கேதான் தங்கியிருக்கும், முதல் ஓட்டத்திலேயே புதுத் தட்டுகளுக்குள் போய்ச் சேரும். டேம்பர் பிளேட்டையும் இப்போதே மாற்றுவது நல்லது, அதற்காக இன்னொரு முறை எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்காது. கேபிளை லீவர் குழியில் உட்காரும்படி அமைத்து, கப்ளிங்கை அளந்து, சிறிது நேரம் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, ஆயில் அளவை மறுபடி பாருங்கள். காலியான கூலரும் குழாய்களும் நிரம்பியதும் அளவு இறங்கியிருக்கும், குறைவதை ஊற்றிவிட்டு ஏரிக்குப் போகலாம்.